முதல் செல்

ஜான்சிக்கு உட்காரத் தெரியாது என்று அவள் கணவர் லூர்துராஜ் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அது உண்மைதான். சாப்பாட்டை அடுப்படியில் நின்றபடியே முடித்துக்கொள்வாள். டிவி பார்த்தாலும் சோபாவின் கைப்பிடியில் பாதி சாய்ந்து, இதோ எழுந்துவிடப்போகிறவள்போலத்தான் பார்ப்பாள். பூனா வட்காவ்ஷேரியில் அவர்கள் வீடு மூன்றாவது மாடி. காலையில் கம்பெனி பஸ் பிடிக்க இறங்குகிறவள், கேஸை அணைத்தோமா என்று பார்க்க இரண்டாவது மாடியிலிருந்து திரும்ப ஏறுவாள். சில நாள் இரண்டு தடவை.

முன்பு இப்படி இருந்ததில்லை. ரஞ்சன்காவில் நடந்த அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் இது வந்தது.

தூத்துக்குடியில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டு, கல்யாணமாகி பூனாவுக்கு வந்தவள் ஜான்சி. ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் மின்சார ஸ்கூட்டருக்கு லித்தியம் பேட்டரி கட்டும் ஒரு சின்னக் கம்பெனியில் ஒன்பது வருஷமாக வேலை. சோதனை மேஜை அவளுடையது. ஒரு பேட்டரிக்குள் இருக்கும் செல்கள் எல்லாம் ஒரே வோல்ட்டேஜில் இருக்க வேண்டும். நூலளவு விலகினாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவாள். சரியாக இருந்தால் பச்சை.

இரண்டு வருஷம் முன்பு ஒரு மதியம், அவள் பச்சை ஒட்டி அனுப்பிய பேட்டரி ஒன்று பக்கத்து மேஜையில் சீறியது. குக்கர் வெயிட் தூக்குகிற மாதிரி ஒரு சத்தம், அதன் பின்னால் வெள்ளைப் புகை. ஜான்சி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூட வேலை செய்யும் கோயம்புத்தூர்ப் பெண் ஸ்ரீலக்ஷ்மிதான் அவள் கோட்டின் காலரைப் பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டு ஓடினாள். யாருக்கும் காயமில்லை. மூடியைப் பொருத்தியபோது ஒரு நீளமான ஸ்க்ரூ செல்லைக் குத்திவிட்டது என்று விசாரணையில் தெரிந்தது. சோதனை மேஜையில் தவறில்லை என்று எழுதியே கொடுத்தார்கள். ஆனாலும் அந்தப் பச்சை ஸ்டிக்கரை ஒட்டிய விரல் தன்னுடையது என்பதை அவளால் விட முடியவில்லை.

இரண்டு வாரம் லீவு கொடுத்தார்கள். வீட்டில் கை சும்மா இருக்க மறுத்தது. புத்வார் பேட்டையில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் போர்டும் ஸ்பீக்கரும் வாங்கி வந்து, இரண்டு லித்தியம் செல்லை வைத்து அடுப்படிக்கு ஒரு பாட்டுப் பெட்டி செய்தாள். போட்டுக் கேட்டவளுக்கு ஆச்சரியம். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் ஒன்றுமே கேட்கவில்லை. சுவரில் செருகுகிற எந்த ஸ்பீக்கரிலும் அடியில் ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரியில் அது இல்லை. காதை ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்து அந்த ஒன்றுமில்லாததைக் கொஞ்ச நேரம் கேட்டாள். மங்களூரில் நர்சிங் படிக்கும் மகளுக்கு இன்னொன்று செய்து அனுப்பினாள். நெருப்பைக் கண்டு பயந்தவள் அதே சாமானை வீட்டுக்குள் கொண்டுவருகிறாளே என்று லூர்துராஜுக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

மூன்றாவதாகச் செய்ததுதான் கோயிலுக்கான பெட்டி.

அவர்கள் பங்குக் கோயிலில் தமிழ்க்காரர்கள் நூற்றைம்பது பேர் இருப்பார்கள். பெரிய வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குத் தமிழ்ச் சிலுவைப்பாதை, தெருத் தெருவாக. பதினான்கு ஸ்தலங்களிலும் நின்று ஜெபித்துவிட்டு ஒன்பது மணிக்குள் கோயிலுக்குத் திரும்பிவிட வேண்டும், ஏனென்றால் ஒன்பதுக்கு இங்கிலீஷ் கூட்டத்தின் முறை. போன வருஷம் வாடகைக்கு எடுத்த இன்வர்ட்டரும் ஸ்பீக்கரும் வழி முழுக்க இரைந்தன. தமிழ்க் குழுவுக்குத் தலைவி பெனடிக்டா அக்கா. ரிட்டயரான நர்ஸ், பேச்சில் மருந்து தடவமாட்டார்.

ஜனவரியில் பூசை முடிந்து வாசலில் ஜான்சியை நிறுத்தினார்.

"நீ பேட்டரி ஸ்பீக்கர் செய்யுறியாமே. சிலுவைப்பாதைக்கு ஒண்ணு செஞ்சு தாயேன்."

"பெருசா எதுவும் செஞ்சதில்லக்கா."

"பெருசா வேண்டாம். பின்னால நிக்கிறவங்களுக்குக் கேட்டாப் போதும், அந்த இரைச்சல் இருக்கக்கூடாது. போன வருஷம் ஃபாதர் ஜெபம் சொன்னாரா, தேனீ வளத்தாரான்னே தெரியல."

ஜான்சி சரி என்றுவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியிலேயே ஏன் சொன்னோம் என்று படபடப்பு வந்துவிட்டது.

நான்கு செல் வாங்கினாள். ஒவ்வொன்றும் கெட்டி அட்டை போட்ட புத்தகம்போல. லித்தியத்தில் இந்த வகை எளிதில் தீப்பிடிக்காது, அதனால்தான் இதைத் தேடி வாங்கினாள். நான்கையும் வரிசையாக இணைத்து, மேலே காவல் போர்டு ஒன்றைப் பூட்டினாள். எந்தச் செல்லாவது அளவுக்கு மீறி நிரம்பினாலோ, அளவுக்கு மீறி வடிந்தாலோ அந்தப் போர்டு மொத்தத்தையும் நிறுத்திவிடும். அதோடு மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். ஜான்சிக்குப் போதவில்லை. நான்கு செல்லின் வோல்ட்டேஜையும் மாற்றி மாற்றிக் காட்டும் ஒரு மீட்டரை மூடியில் பதித்தாள். மலிவான மீட்டர், புள்ளிக்குப் பிறகு ஒரே ஒரு இலக்கம் காட்டும். அதற்கு ஸ்விட்ச் வைக்கவில்லை. எந்த நேரம் போய்ப் பார்த்தாலும் எண் தெரிய வேண்டும், அணைந்து கிடந்தால் மனசு கேட்காது.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின நாள் பெட்டி தயார். பால்கனியில் ஒரு கடப்பா கல்லைப் போட்டு அதன்மேல் வைத்தாள். பக்கத்தில் ஒரு வாளி மணல். முதல் ஞாயிறு மொட்டை மாடியில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தாள், நன்றாக ஓடியது. சார்ஜ் போட்டு வைத்தாள். அதன்பின் ஓட்டவில்லை. பார்க்க மட்டும் செய்தாள். எழுந்ததும் பால்கனி. குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது பால்கனி. காலையில் பஸ் வாக்ஹோலியைத் தாண்டும்போது போன்.

"மீட்டரைப் பாத்துச் சொல்லுங்க."

லூர்துராஜுக்குக் குளிர்பதனக் கிடங்கில் மதிய ஷிஃப்ட். காலையில் படுக்கையில் இருப்பார். "மூணு புள்ளி மூணு, மூணு புள்ளி மூணு, மூணு புள்ளி மூணு, மூணு புள்ளி மூணு" என்பார், ஜெபமாலை சொல்கிற வேகத்தில்.

"சூடா இருக்கா?"

"ஜில்லுன்னு இருக்கு."

கடைசி இரண்டு வாரம், அவளே பார்த்தபோது, முதல் செல் மட்டும் 3.2 என்று காட்டியது. ஜான்சி தொட்டுப் பார்த்தாள், ஒயரை அழுத்திப் பார்த்தாள். செல்லின் அட்டையிலேயே 3.2 என்றுதான் அச்சடித்திருந்தது. மீட்டரும் மலிவு. பெரிய வியாழனன்று சார்ஜ் போட்டாள், கால் மணி நேரத்தில் பச்சை விளக்கு எரிந்துவிட்டது. நிரம்பித்தான் இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்த பிறகும், மூன்று தடவை பிடுங்கிப் பிடுங்கிப் போட்டாள். மூன்று தடவையும் உடனே பச்சை.

மறுநாள் காலை, தள்ளுவண்டியில் பெட்டியையும் ஸ்பீக்கரையும் கட்டினார்கள். லூர்துராஜ் தள்ள, ஜான்சி மூடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தாள். ஃபாதர் மைக்கில் முதல் வார்த்தையைச் சொன்னதும் தெரு திரும்பிப் பார்த்தது. புத்தகத்தில் பக்கம் புரட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. அவர் நிறுத்தி மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு மட்டும் கேட்டது, வேறெதுவும் இல்லை. முன்வரிசையில் இருந்த பெனடிக்டா அக்கா திரும்பி ஜான்சியைப் பார்த்து ஒரே ஒரு தடவை தலையாட்டினார். நடந்துகொண்டே ஜான்சி மூடியை மறுபடி தொட்டுப் பார்த்தாள். சூடில்லை.

ஒன்பதாம் ஸ்தலம், ஷட்டர் இறக்கிய ஒரு மருந்துக்கடை முன்னால். மணி எட்டைத் தாண்டிவிட்டது, வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஃபாதர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார். குரல் அறுந்தது. அவர் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

ஜான்சி மூடியைத் திறந்தாள். மீட்டரில் மூன்று செல் 3.3. முதல் செல் 2.3. காவல் போர்டு செய்ய வேண்டியதைச் செய்திருந்தது.

"என்னாச்சு?" என்றார் லூர்துராஜ்.

"ஒரு செல்லு காலி. போர்டு நிறுத்திட்டு."

பாடகர் குழுவில் இருக்கும் சேவியர் எலெக்ட்ரீஷியன். பேன்ட் பையில் எப்போதும் கட்டிங் பிளேயர் இருக்கும். எட்டிப் பார்த்தார். "இவ்வளவுதானே? அந்தப் போர்டை விட்டுட்டு பேட்டரியிலேருந்து நேரா ஒயர் குடுத்துடலாம். அரை மணி நேரத்துல என்ன ஆயிடப்போகுது?" என்று கையை நீட்டினார்.

"கை வைக்காதீங்க."

பெனடிக்டா அக்கா வந்துவிட்டார். "இன்னும் அஞ்சு ஸ்தலம் இருக்கு ஜான்சி. ஒன்பதுக்கு இங்கிலீஷ்காரங்க நிப்பாங்க. சேவியர் சொல்ற மாதிரி செய்யலாம்ல?"

"மத்த மூணு செல்லும் சேர்ந்து காலியான செல்லுக்குள்ள தலைகீழா கரண்டைத் தள்ளும்க்கா."

"வெடிக்குமா?"

இந்த வகை வெடிக்காது என்றுதான் படித்திருந்தாள். ஆனால் வண்டியை ஒட்டிப் பிள்ளைகள் நின்றார்கள், ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றாள். "வெடிக்காதுன்னுதான் நினைக்கேன். நிச்சயமாத் தெரியல. தெரியாத ஒண்ண இத்தனை பேர் நடுவுல செய்ய மாட்டேன்."

"அரை மணி நேரம்தானே..." என்று சேவியர் மறுபடி தொடங்கினார். ஜான்சி பெட்டியிலிருந்த ஃபியூஸைப் பிடுங்கி, கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். சேவியருக்கு முகம் சுண்டிவிட்டது.

மீதி ஐந்து ஸ்தலமும் வெறும் குரலில் நடந்தன. நன்றாக நடந்தது என்று சொல்ல முடியாது. ஃபாதர் கத்தினார். பின்னால் கேட்கவில்லை. நடுவில் இருந்தவர்கள் ஒவ்வொரு வரியாக வாங்கிப் பின்னால் சொல்ல ஆரம்பித்தார்கள். முன்வரிசை எழுந்தபோது பின்வரிசை முழங்காலிட்டது. இரண்டு பெண்கள் சிரித்துவிட்டு முக்காட்டுக்குள் முகத்தை மறைத்தார்கள். ஒரு குடும்பம் சத்தமில்லாமல் ஆட்டோ பிடித்துப் போனது. பன்னிரண்டாம் ஸ்தலத்தில் ஃபாதரின் தொண்டை கட்டிவிட்டது. கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது ஒன்பது இருபது. கேட்டருகே இங்கிலீஷ் கூட்டம் குடை பிடித்துக்கொண்டு நின்றது.

பெனடிக்டா அக்கா திட்டவில்லை. "அடுத்த வருஷம் வாடகைக்கே எடுத்துக்கலாம்" என்று லூர்துராஜிடம் சொன்னார். ஜான்சி இரண்டடி தள்ளி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை முழுக்க வீட்டில் அவள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. பெட்டியைப் பிரித்தாள். ஒவ்வொரு இணைப்பாக மீண்டும் சோதித்தாள். செல் விற்ற கடைக்காரரைச் சந்தேகப்பட்டாள், காவல் போர்டைச் சந்தேகப்பட்டாள், தெருவின் பள்ளங்களைச் சந்தேகப்பட்டாள். ஈஸ்டர் அன்று பிரியாணியில் உப்புப் போட மறந்தாள். லூர்துராஜ் ஊறுகாயை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

திங்கட்கிழமை பஸ்ஸில் ஸ்ரீலக்ஷ்மி பக்கத்து இருக்கையைப் பிடித்து வைத்திருந்தாள். ஜான்சி எல்லாவற்றையும் சொன்னாள், மூச்சு விடாமல்.

"சரியான செல்லுத்தான் ஸ்ரீ. வாங்கினன்னிக்கு நாலும் ஒரே மாதிரி இருந்துச்சு. நானே அளந்தேன். எப்படி ஒண்ணு மட்டும் வடியும்?"

ஸ்ரீலக்ஷ்மி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஏனுங்க்கா, அந்த மீட்டரு ராவும் பகலும் எரியுதுங்கறீங்க. அது எரியறதுக்குக் கரண்டு எங்கிருந்துங்க வருது? அதுக்குன்னு தனியாப் பேட்டரி போட்டீங்களா?"

ஜான்சி மீட்டரின் ஒயர்களை நினைத்து விரல்விட்டு எண்ணினாள்.

தனியாகப் போடவில்லை. அந்த மீட்டரில் ஐந்து ஒயர். முதல் இரண்டும் முதல் செல்லின் இரு முனைகளுக்குப் போகின்றன. தான் எரிவதற்கான கரண்டை அது அந்த முதல் செல்லிலிருந்து மட்டும்தான் உறிஞ்சும். ஒரு மணி நேரத்துக்கு எடுப்பது கடுகளவு. ஜான்சி போனை எடுத்துக் கணக்குப் போட்டாள். இருபத்துநான்கு மணி நேரம். நாற்பத்துநான்கு நாள். தவக்காலம் முழுக்க. அந்தச் செல் கொள்வதில் ஐந்தில் நாலு பங்கை மீட்டரே குடித்திருந்தது. சார்ஜ் போட்டபோது மற்ற மூன்றும் உடனே நிரம்பிவிட, போர்டு நிறுத்திவிட்டது. முதல் செல் காலியாகவே கிடந்தது, பச்சை விளக்கின் கீழே.

பஸ் கோரேகாவ் பீமா தாண்டும்போது ஜான்சி சத்தமாகச் சிரித்தாள். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிக்ராபூர் வரும்போது சிரிப்பு நின்று, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீலக்ஷ்மி தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

"நான் பாக்க பாக்க வடிஞ்சிருக்கு, ஸ்ரீ."

"அதானுங்க்கா. பாத்ததுனாலயேதான்."

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னபோது லூர்துராஜ் காலைக் கீழே இறக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நானும் ஒண்ணு சொல்லணும். நீ போன்ல கேக்கும்போதெல்லாம் நான் எழுந்து போய்ப் பாக்கல. படுத்துக்கிட்டே சொன்னேன்."

"ஒருநாள்கூடவா?"

"முதல் வாரம் பாத்தேன்."

ஜான்சி அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். அங்கிருந்தே, "நீங்க பாத்துச் சொல்லியிருந்தாலும் நான் வந்து மறுபடி பாத்திருப்பேன், விடுங்க" என்றாள். ஆனால் இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

பெனடிக்டா அக்காவிடம் போய்ச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. செல் கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டுப் போகலாம், யாருக்கும் தெரியாது. அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுகூட அப்படிச் சொல்லிவிடலாமா என்றுதான் நினைத்தாள். உள்ளே போனதும் எல்லாவற்றையும் இருந்தபடியே சொன்னாள்.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐசியூல ஒரு பேஷண்ட் இருந்தாரு. என்ன வியாதின்னு பிடிபடல. தினம் நாலஞ்சு தடவை டெஸ்டுக்கு ரத்தம் எடுத்தோம். ரெண்டு வாரத்துல ரத்தம் குறைஞ்சுபோச்சு. ஏன் குறையுதுன்னு கண்டுபிடிக்க இன்னும் ரெண்டு குப்பி எடுத்தோம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்புறம்தான் பெரிய டாக்டர் வந்து சத்தம் போட்டாரு."

"அவர் பிழைச்சாரா?"

"பிழைச்சாரு. எடுக்கறதைக் குறைச்சோம். நிறுத்தல, குறைச்சோம்." ஜான்சியை ஏற இறங்கப் பார்த்தார். "உக்காரேன். வந்ததுலேருந்து நிக்கிற."

ஜான்சி உட்கார்ந்தாள்.

"சேவியர் கைய நீட்டினப்ப நீ விட்டிருந்தா நானும் தடுக்காமத்தான் நின்னிருப்பேன்" என்றார் அக்கா. "மே மாசம் மாதா பவனி இருக்கு. கொண்டு வா."

முதல் செல்லைத் தனியாகச் சார்ஜ் போட்டு மற்ற மூன்றோடு சமமாக்க அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது. அது கெட்டுப்போகவில்லை, காவல் போர்டு சரியான இடத்தில் நிறுத்தியிருந்தது. மீட்டருக்கு அழுத்தினால் மட்டும் எரியும் பொத்தான் வைத்தாள். அதோடு பால்கனிக்குப் போவது நின்றுவிடவில்லை. போய் நிற்பாள், இருண்ட மீட்டரைப் பார்ப்பாள். கை பொத்தானுக்குப் போகும். ஞாயிறு மட்டும் என்று வைத்திருந்தாள். புதன்கிழமைகளில் திருட்டுத்தனமாக அழுத்தியதும் உண்டு. பஸ்ஸிலிருந்து போன் செய்வதை விட்டாள். ஒருநாள் லூர்துராஜே கூப்பிட்டு, "எழுந்து போய்த் தொட்டுப் பாத்தேன், ஜில்லுன்னு இருக்கு" என்றார். கேட்காமலே.

மே கடைசி ஞாயிறு, மாலை ஆறு மணிக்கு மாதா பவனி. ஜான்சி வழக்கம்போல வண்டிப் பக்கத்தில் நின்று மூடிமேல் கை வைத்தாள். பெனடிக்டா அக்கா வந்து அந்தக் கையை எடுத்துவிட்டார்.

"நீ பின்னால போ. கடைசி வரிசை. இங்க நிக்காத."

கடைசி வரிசையில் ஐஸ்கிரீம் வண்டிக்காரர் ஒருவரும் கூடவே நடந்துகொண்டிருந்தார். முதல் பத்து நிமிஷம் ஜான்சிக்கு ஒரு பாட்டும் காதில் விழவில்லை. எப்போது அறுகிறது என்பதற்காகவே கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் திருப்பத்தில் பாட்டு வந்தது. மூன்றாம் திருப்பத்திலும் வந்தது. சேவியரின் குரலைக்கூடத் தனியாகப் பிரித்துக் கேட்க முடிந்தது. அவர் இன்னும் அவளோடு பேசவில்லை, ஆனால் இன்று வண்டியில் ஸ்பீக்கரைக் கட்டக் கயிறு கொடுத்தது அவர்தான். பக்கத்தில் நடந்த பெண், "உங்க ஸ்பீக்கர்தானே? எவ்வளவு தெளிவா இருக்கு!" என்றாள்.

ஜான்சி தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவளே செய்த பெட்டியைத் தூரத்தில் நின்று கேட்பது இதுதான் முதல் தடவை.

"ஸ, ஷ வர்ற இடத்துலல்லாம் கொஞ்சம் கீச்சுன்னு கேக்குதே, உங்களுக்குக் கேக்கலியா?"

"இல்லையே."

"கேக்குது."

வரிசைகளைத் தாண்டி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, பாதி நடையும் பாதி ஓட்டமுமாக முன்னால் போனாள். லூர்துராஜ் வேர்த்துப்போய் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பதறினார்.

"என்ன, நின்னுபோச்சா?"

"இல்ல. கீச்சுன்னு இருக்கு. ட்ரெபிள் திருகைக் கொஞ்சம் குறைங்க."

அவர் ஒரு கையால் தள்ளியபடி இன்னொரு கையால் பெட்டியைச் சுற்றித் தடவினார். "எங்க இருக்கு அந்தத் திருகு?"

ஜான்சி யோசித்தாள். வைக்கவே இல்லை.